சின்னத் தொந்தரவுதான், ஆனால் எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

என் மாமாவுக்குத் தாடை வலி. இடப்பக்கக் கீழ்த்தாடையில், பல் வேரிலிருந்து கிளம்புவது போல ஒரு குடைச்சல். பல் டாக்டரிடம் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒரு பழைய சொத்தையை அடைத்து அனுப்பினார்கள். வலி போகவில்லை. இரண்டாவது முறை போனபோது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் இருக்கும் என்றார்கள். வலி தொடங்கி மூன்று வாரம் ஆனபோது, என்னோடு மாடி ஏறி வந்தவர் பாதியில் நின்று தாடையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் அப்படியே நின்றார். "சரி, போயிடுச்சு, வா" என்று மறுபடி ஏறத் தொடங்கினார்.

"ஏறும்போது மட்டும்தான் வலிக்குதா மாமா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ஆமால்ல, உட்கார்ந்திருக்கும்போது வலிச்சதே இல்ல."

பல் வலிக்கு மாடிப்படி தெரியாது. மறுநாள் இதய டாக்டரிடம் போனோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு பெருமளவு அடைபட்டிருந்தன. (மறுநாள் வரை காத்திருந்ததற்கு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அன்றே வந்திருக்க வேண்டுமாம்.)

1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் சக மருத்துவர்கள் முன் இந்த வலியைத்தான் விவரித்தார். நடக்கும்போது, அதுவும் மேட்டில் ஏறும்போது, நெஞ்சை அழுத்திப் பிடிக்கும், நின்றதும் விட்டுவிடும். ஈசிஜி என்ற பேச்சே இல்லாத காலம். நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டே பிடித்துவிட்டார். வலி எவ்வளவு என்று அவர் பார்க்கவில்லை, எப்போது வருகிறது என்று பார்த்தார். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

நான் டாக்டர் இல்லை. வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து, எதைச் சொன்னால் டாக்டர் நிமிர்ந்து உட்காருகிறார் என்று கவனித்துப் பழகியவன், அவ்வளவுதான். குடும்பத்தில் யாருடைய உடம்பையாவது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் புதிதாக வந்திருந்தால் இது உங்களுக்காக. என்ன நோய் என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. எப்போது போவது, போய் என்ன சொல்வது என்பது நம் வேலை.

பயப்படாமல் படியுங்கள். தலைவலி, இருமல், உப்புசம், களைப்பு எல்லாம் பெரும்பாலும் தானாக வந்து தானாகப் போகிறவைதான். இணையத்தில் எந்த அறிகுறியைத் தட்டினாலும் நாலாவது வரியில் புற்றுநோய் வந்து நிற்கும். அதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் படி: இன்றே போக வேண்டியதா?

சில அறிகுறிகளுக்கு நாள்கணக்குக் கிடையாது, மணிக்கணக்குதான். அவற்றை முதலில் பிரித்துவிட வேண்டும்.

இவற்றில் ஆளை ஏமாற்றுவதில் முதலிடம், வந்துவிட்டுத் தானே போய்விடும் பக்கவாதத்துக்கு. வாய் ஒரு பக்கம் கோணும், கையிலிருந்த பேனா நழுவும், பேச்சு குழறும், அல்லது ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தது போல இருட்டும். பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். "பிரஷரா இருக்கும், படுத்தால் சரியாகிடும்" என்று படுக்கப் போய்விடுவார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்து, அதிர்ஷ்டவசமாகக் கரைந்து போயிருக்கிறது. அடுத்த கட்டி கரையாமல் நின்றுவிடலாம். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். ஆகவே சரியாகிவிட்டது என்பதற்காக மருத்துவமனைப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். ஒருவேளை சரியாகாமல் நீடித்தால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்வியே அந்த நேரம்தான்.

அடுத்தது இடி விழுந்தது போன்ற தலைவலி. சாதாரணத் தலைவலி மெல்ல ஏறும். இது ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். பின்மண்டையில் யாரோ கட்டையால் அடித்தது போல இருந்தது என்பார்கள், சிலர் திரும்பிப் பார்த்ததாகக்கூடச் சொல்வார்கள். மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாக இருக்கலாம். மாத்திரை போட்டதும் குறைந்தது என்பதை வைத்து விட்டுவிடக்கூடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ அழுத்தம், கூடவே குளிர்ந்த வியர்வை. ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்து, அப்புறம் மூச்சு வாங்குவது. குறிப்பாக அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நீண்ட பயணம் இவற்றுக்குப் பிறகு. இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் போவது, உட்காரும் இடம் மரத்துப் போவது. பையன்களுக்குத் திடீரென்று ஒரு விதைப்பையில் வலி. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி, கூடவே தோள் நுனியில் வலி: கரு குழாயில் தங்கி வெடித்து, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோளில்தான் தெரியும். கண்ணில் புதிதாக மின்னல்களும் மிதக்கும் புள்ளிகளும், ஓரத்திலிருந்து ஒரு நிழல் இறங்குவதும். காய்ச்சலோடு தோலில் சிவப்புப் புள்ளிகள்: கண்ணாடிக் குவளையின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள், புள்ளி மறையாவிட்டால் கிளம்பிவிடுங்கள். மறைந்துவிட்டது, ஆனால் ஆள் துவண்டு கிடக்கிறார் என்றாலும் கிளம்பத்தான் வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இன்னொரு வரி. இருபது வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகம் வீங்குவது ஆகியவை ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பிரசவம் முடிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள், அதற்குப் பின் ஆறு வாரம் வரையிலும் இது வரலாம்.

இரண்டாம் படி: கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்

இன்றே ஓட வேண்டியது இல்லை என்றால் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. நான் கேட்டுப் பழகிய கேள்விகள் இவை.

எப்போது வருகிறது? மாமாவின் தாடைக்குத் திரும்புவோம். மாடி ஏறினால் வந்து, நின்றால் போகும் தாடை வலி இதயத்துடையது. சாப்பிட மெல்லத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தாடை சோர்ந்து வலித்து, நிறுத்தினால் விடுகிறதா? ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு இப்படி வந்து, நெற்றிப்பொட்டில் புதுத் தலைவலியும், சீப்பு பட்டாலே மண்டைத் தோல் வலிப்பதும் சேர்ந்தால், அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் வரும் அழற்சியாக இருக்கலாம். ஒரு கண்ணின் பார்வையை ஒரே நாளில் பறித்துவிடும் நோய் அது. நேரத்தோடு ஸ்டீராய்டு கொடுத்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம், போன பார்வை திரும்பி வருவது அரிது. இரண்டு கதையிலும் உள்ளே நடப்பது ஒன்றுதான், வேலை செய்யும் தசைக்கு ரத்தம் போதவில்லை. ஆனால் போக வேண்டிய டாக்டர் வேறு வேறு. குளிர்ந்த நீர் பட்டால் சுளீர் என்று வலித்தால், சரி, அது பல்தான்.

தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? மனஅழுத்தத்தால் வரும் வயிற்றுத் தொந்தரவு ஆள் தூங்கும்போது பெரும்பாலும் தூங்கிவிடும். இரவில் எழுப்பும் பேதி, படுத்தால் அதிகமாகும் முதுகு வலி, துணியை மாற்றும் அளவுக்கு நனைக்கும் இரவு வியர்வை இவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தை வாரக்கணக்காகக் காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுத்துவிட்டுப் பகலில் நன்றாக ஓடியாடினால், பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடும் என்பதால் மூளைக்கட்டியின் தலைவலி விடியலில் வருவது உண்டு.

ஒரு பக்கம் மட்டுமா? இரண்டு காலும் வீங்கினால் டாக்டரின் யோசனை இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கம் போகும். ஒரு கால் என்றால் ரத்தக்கட்டியை நினைப்பார். அதே மாதிரி ஒரு காதில் மட்டும் கேட்பது குறைவது, ஒரு மூக்கில் மட்டும் அடைப்பும் ரத்தமும், ஒரு பக்க டான்சில் மட்டும் பெருப்பது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அழுக்கு அடைத்திருக்கும் என்று வாரக்கணக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காதீர்கள். காது நரம்பு பாதித்திருந்தால் சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எத்தனை வாரம்? இதற்கு மட்டும் எண்களை மனப்பாடமே செய்துகொள்ளலாம். ஆறாத வாய்ப்புண், சளி இல்லாமலே நீடிக்கும் குரல் கம்மல்: மூன்று வாரம். இருமல்: இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை கேட்கலாம், மூன்று வாரம் தாண்டினால் நெஞ்சு எக்ஸ்ரேயும். வலிக்காத கழலை, அக்குளிலோ கழுத்திலோ: காய்ச்சல் சளியோடு வந்த நெறி என்றால் இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும், சுருங்காவிட்டால் காட்ட வேண்டும். ஒரே இடத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. இடது காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் கெட்டியான கழலை தட்டுப்பட்டால் உடனே காட்டுங்கள். வயிற்றிலிருந்து வரும் நிணநீர்க் குழாய் அங்கேதான் போய்ச் சேர்கிறது. இரைப்பைப் புற்றுநோய் தன் முதல் தடயத்தை அங்கே விட்டுப்போவது உண்டு என்று ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் 1848இலேயே எழுதி வைத்தார்.

கூட யார் வந்திருக்கிறார்கள்? முதுகு வலி தனியாக வந்தால் முதுகு வலி. காய்ச்சலோடு வந்தால், எடை குறைந்துகொண்டே வந்தால், முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வந்தால், கதை வேறு. எடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது: முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து சதவீதம் குறைவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது. எழுபது கிலோ ஆளுக்கு மூன்றரை கிலோ. "இளைச்சு அழகா ஆயிட்டீங்க" என்ற பாராட்டில் இது மறைந்துபோகும். எடை எந்திரத்தை நம்பாவிட்டால் பெல்ட் ஓட்டையைப் பாருங்கள்.

யாருக்கு வந்திருக்கிறது? சர்க்கரை நோய் நீண்டநாள் இருப்பவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். வெறும் மூச்சுத் திணறல், வாந்தி, காரணம் இல்லாத வியர்வை. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சு வலியைவிட இவை முன்னால் நிற்பது உண்டு. "வாயுதான்" என்ற சொல்லுக்கு எத்தனை பேர் பலியாகியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அமில மாத்திரை போட்டதும் எரிச்சல் குறைந்தது என்பதால் இதயம் இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாம் படி: ஒரே ஒரு முறை வந்தாலும் விடக்கூடாதவை

வலி இல்லை என்றால் நமக்கு நிம்மதி. சில இடங்களில் அது வேண்டாத நிம்மதி. சிறுநீரில் வலியே இல்லாமல் ரத்தம் ஒரு நாள் வரும், மறுநாள் தெளிந்துவிடும், மறுபடி வர மாதக்கணக்கு ஆகலாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழக்கமே அதுதான். எரிச்சலோடு வந்திருந்தால் கிருமித் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், எரிச்சல் இல்லாததுதான் கவலைக்குரியது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி ரத்தக்கறை பட்டாலும் அப்படியே. வலியில்லாத மஞ்சள் காமாலை, அதிலும் வயதானவருக்கு, கணையத் தலையில் கட்டி பித்தநாளத்தை அழுத்துவதால் வரலாம். இருமலில் ரத்தம், தார் போலக் கறுத்த பிசுபிசுப்பான மலம், இவையும் இந்தப் பட்டியலில்தான். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதைப் பார்த்து நான் ஒருமுறை எல்லோரையும் கலவரப்படுத்தியிருக்கிறேன்.) மலத்தில் சிவப்பு ரத்தம் என்றால் மூலம் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே வேறொன்றும் இருக்கலாம்.

இந்த வரிசையில் ரத்தசோகையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். களைப்பு என்று போகிறார், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மாத்திரை கொடுக்கிறார்கள், இரண்டு மாதத்தில் ஏறிவிடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாதவிடாய் வரும் பெண் என்றால் ரத்தம் எங்கே போகிறது என்று ஓரளவு தெரியும். ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், குடலில் எங்கோ சொட்டுச் சொட்டாகக் கசிகிறது என்றே டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் கட்டி இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் கசியும். மாத்திரை அந்தக் கசிவின் கணக்கை மட்டும் சரிக்கட்டும். ஆகவே "இரும்புச்சத்து ஏன் குறைஞ்சது டாக்டர், எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி தேவைப்படுமா?" என்று நீங்களே கேளுங்கள். (கேமரா பொருத்திய குழாயை விட்டு இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்கும் சோதனைகள் அவை.) வீட்டில் யாராவது திடீரென்று ஐஸ் கட்டியை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்னத் தொடங்கினால் அதையும் கவனியுங்கள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு வரும் வினோதமான ஆசை அது.

நான்காம் படி: கண்ணால் பாருங்கள்

உங்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நகங்கள் தொடங்கும் இடத்தில் வைரம் போல ஒரு சின்ன இடைவெளி தெரியும். அது தெரியாமல் நகங்கள் உருண்டு ஒட்டிக்கொண்டால், விரல் நுனிகள் பருத்திருக்கின்றன என்று பொருள். நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் சீழ், சில இதய நோய்கள் இவற்றில் இப்படி ஆகும். விரல் நுனி பருப்பதைப் பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே கவனித்துவிட்டார்கள். ஆனால் இந்த எளிய சோதனை 1976இல் வந்தது. லியோ ஷாம்ரோத் என்ற தென்னாப்பிரிக்க இதய நோய் நிபுணருக்கு இதய உள்ளுறையில் தொற்று வந்தது. நோய் முற்றும்போதும் தணியும்போதும் தன் விரல்களில் அந்த வைரம் மறைவதையும் திரும்புவதையும் தானே பார்த்துக்கொண்டிருந்து எழுதினார். சில குடும்பங்களில் பிறவியிலேயே விரல் இப்படி இருக்கும், அதற்குப் பயம் வேண்டாம். புதிதாக மாறியதா என்பதே கேள்வி.

இரண்டாவது, குழந்தைகளின் புகைப்படங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அது கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது, சீக்கிரம் பிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடியது. குழந்தை ஏதோ ஒரு கோணத்தில் பார்த்ததாலும் ஒரு படத்தில் அப்படித் தெரியலாம். எப்படியானாலும் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுவதில் நஷ்டம் இல்லை. போனில் இருக்கும் பழைய படங்களையும் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, நகத்துக்கு அடியில் கறுப்பு. அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகரும். நகராமல் நின்று அகலமாகும் கறுப்புக் கோட்டைத் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் இருந்ததைக் கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயம் என்று நினைத்தார்கள். 1977இல் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் எனத் தெரிந்தது. 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு 36 வயது. கறுத்த தோல் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்ற நம்பிக்கை தவறு. வெயில் படாத உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகியவையே அது அதிகம் ஒளிந்துகொள்ளும் இடங்கள்.

இன்னும் சில உண்டு. காலையில் கண் இமை ஊதியிருப்பதும், சிறுநீரில் நுரை கலையாமல் நிற்பதும் சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவதால் இருக்கலாம். வருடக்கணக்காகப் போட்ட மோதிரமும் செருப்பும், எடை கூடாமலே சிறியதாகிப் போவது வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதால் இருக்கலாம். மாலையானால் இமை தொங்குவது ஒன்று. ஒரு இமை திடீரென்று தொங்கிக் கண்மணியும் விரிந்திருப்பது முற்றிலும் வேறு, அது முதல் படியைச் சேர்ந்தது.

ஐந்தாம் படி: எழுதிக்கொண்டு போங்கள்

டாக்டரிடம் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதில் பாதியை "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்பதிலேயே செலவழித்துவிடுகிறோம். மாமாவுக்காக நான் ஒரு துண்டுத் தாளில் எழுதியது இவ்வளவுதான்: "தாடை வலி, இடது. மூன்று வாரம். மாடி ஏறினால் பதினைந்தாவது படியில் வரும், நின்றால் இரண்டு நிமிடத்தில் போகும். முன்பு இருபத்தைந்தாவது படியில் வந்தது. பல் பார்த்தாயிற்று. சுகர் எட்டு வருடம்." டாக்டர் அதைப் படித்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே ஈசிஜிக்கு எழுதினார். பதினைந்து, இருபத்தைந்து என்ற அந்த இரண்டு எண்கள் போதுமானதாக இருந்தன: நோய் வளர்கிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அறிகுறிக்கு ஏற்றபடி மனிதர்கள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வார்கள், தமக்கே தெரியாமல். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் "இல்லையே" என்பார்கள். மாடிக்குப் போவதையே விட்டிருப்பார்கள். விழுங்கக் கஷ்டமா என்றால் இல்லை. கெட்டியாக எதையும் சாப்பிடுவதை விட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். அதனால் "இப்ப என்னென்ன செய்யறதை விட்டுட்டீங்க?" என்று கேளுங்கள். கூட இருப்பவரையும் கேளுங்கள், அவர்தான் சரியாகச் சொல்வார்.

சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதுங்கள். நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரை உட்பட, ஏனென்றால் இரைப்பையில் ரத்தக் கசிவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மனதில் இருக்கும் பயத்தையும் சொல்லுங்கள். "எங்க அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் இருந்துச்சு, அதான் பயமா இருக்கு" என்ற வாக்கியம் புலம்பல் அல்ல, குடும்ப வரலாறு. டாக்டருக்குத் தேவையான தகவல்.

ஆறாம் படி: "நார்மல்" என்றால் என்ன என்று கேளுங்கள்

பரிசோதனை முடிவு சரியாக இருந்தால், அந்தப் பரிசோதனை அந்த நேரத்தில் எதையும் காட்டவில்லை என்று மட்டுமே பொருள். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி, குழாயில் அடைப்பு இருந்தும் நன்றாக வரலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும், அதனால்தான் சில மணி விட்டு மறுபடி எடுக்கிறார்கள். முதல் முடிவைப் பார்த்து வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படாதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் சின்னக் கட்டிகளைத் தவறவிடும். கொடுத்த பரிசோதனையின் முடிவு வரவில்லை என்றால் நல்ல செய்திதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கோ ஒரு மேஜையில் கிடக்கலாம், போய்க் கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு கேள்வி கட்டாயம்: "எது வந்தா நான் திரும்ப வரணும், சரியாகலைன்னா எத்தனை நாள்ல வரணும்?" பதிலை அங்கேயே எழுதுங்கள். வெளியே வந்ததும் மறந்துவிடும்.

ஏழாம் படி: மூன்றாவது முறை

ஒரே தொந்தரவுக்கு மூன்றாவது முறை போகிறீர்கள், அது குறையவில்லை, அல்லது கூடுகிறது, பெயரும் தெரியவில்லை. இப்போது மருந்தை மாற்றுவதைவிட யோசனையை மாற்ற வேண்டும். இங்கிலாந்தில் 2025இல் 'ஜெஸ் விதி' என்ற பெயரில் குடும்ப மருத்துவர்களுக்கு இதையே சொன்னார்கள்: மூன்று முறை வந்தும் காரணம் தெரியாவிட்டால், முதலிலிருந்து புதிதாகப் பாருங்கள். சண்டை போடத் தேவையில்லை. "இது மூணாவது தடவை டாக்டர். முதல்ல நினைச்சது இல்லைன்னா வேற என்னவா இருக்கலாம்?" என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால், ரிப்போர்ட்களின் நகலை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம்.

மாமாவுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். போன வாரம் திறந்து காட்டினார். "முழங்கால் வலி, வலது. ஏறினாலும் இறங்கினாலும் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, தூக்கம் கெடவில்லை. ஆறு வருடமாக." அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: "இது முழங்கால்தான்."